மண்டேலா: சிரித்து முடித்ததும் கணக்குப் பார்க்க வைக்கும் படம்

நல்ல காமெடிப் படம் ஒண்ணு சொல்லுங்க என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் 'மண்டேலா'. மடோன் அஸ்வின் எழுதி இயக்கிய முதல் படம். யோகி பாபு நாயகன். 2021 ஏப்ரல் 4 அன்று தியேட்டருக்கு வராமல் நேராக விஜய் டிவியில் ஒளிபரப்பானது, மறுநாள் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதற்கு அடுத்த நாள், ஏப்ரல் 6, தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல். ஓட்டைப் பற்றிய படம், ஓட்டுச்சாவடி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னாடி வீட்டு டிவிக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. 68-வது தேசிய விருதுகளில் சிறந்த அறிமுக இயக்குநர் படத்துக்கான விருதும், சிறந்த வசனத்துக்கான விருதும் கிடைத்தன.

பெரும்பாலும் இதை 'அரசியல் நையாண்டி' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் இதை டார்க் காமெடி என்றுதான் சொல்வேன். ஏன் அப்படி, இந்தப் படத்தில் சிரிப்பு எப்படி வேலை செய்கிறது, சோளிங்கர் பக்கம் இருக்கிற ஒருத்தனுக்கு இது ஏன் கொஞ்சம் கூடுதலாக உறைக்கிறது என்பதை எழுதி வைக்கலாம் என்று இந்தக் குறிப்பு. படத்தின் முடிவைச் சொல்லப் போவதில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

டார்க் காமெடி என்றால்

'கறுப்பு நகைச்சுவை' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே பிரெத்தோன். 1940இல் அந்தப் பெயரில் ஒரு தொகுப்பு நூல் கொண்டுவந்தார். அதில் அவர் முதல் ஆளாக வைத்தது ஜோனதன் ஸ்விஃப்ட்டை. ஸ்விஃப்ட் 1729இல் ஒரு சின்ன வெளியீடு எழுதினார். அயர்லாந்தில் ஏழைகள் பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாமல் தவிக்கிறார்கள். அதற்கு அவர் சொல்லும் 'யோசனை', அந்தக் குழந்தைகளை ஒரு வயதானதும் பணக்காரர்களுக்குச் சாப்பாடாக விற்றுவிடலாம் என்பது. அதில் கோபமும் இல்லை, புலம்பலும் இல்லை. வளர்க்க எவ்வளவு செலவு, விற்றால் எவ்வளவு வரவு என்று மளிகைக்கடைக் கணக்கு மாதிரி நிதானமாக எழுதிக்கொண்டே போகிறார். படிக்கும்போது முதலில் சிரிப்பு வருகிறது. அப்புறம்தான், கணக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கு, எதை வைத்துக் கணக்குப் போடுறோம் என்பதில்தான் கோளாறு என்று புரிகிறது.

தமிழில் 2013இல் நலன் குமாரசாமியின் 'சூது கவ்வும்' ஓடிய பிறகுதான் 'டார்க் காமெடி' என்ற சொல் டீக்கடை வரைக்கும் வந்தது. அதற்கு முன்னாடியே 2011இல் 'ஆரண்ய காண்டம்' வந்திருந்தாலும் அதைத் தேடிப் பிடித்துப் பார்த்தவர்களே அதிகம். அதனால் நம்ம ஊரில் டார்க் காமெடி என்றாலே கடத்தல், துப்பாக்கி, பிணம் என்று ஒரு எண்ணம் பதிந்துவிட்டது. ஸ்விஃப்ட்டை வைத்துப் பார்த்தால் ரத்தம் முக்கியமே இல்லை. மனுஷனை எண்ணாக்கிக் கணக்குப் போடுவதும், அந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் அதை ரொம்ப இயல்பான காரியமாக நினைப்பதும்தான் முக்கியம். 'மண்டேலா'வில் நடப்பது இதுதான்.

கதை, சுருக்கமாக

சூரங்குடி என்று ஒரு ஊர். வடக்கு, தெற்கு என்று இரண்டு பிரிவு. இரண்டு பக்கமும் ஒருத்தருக்கொருத்தர் ஆகாது. ஊராட்சித் தலைவர் பெரிய அய்யா, சங்கிலி முருகன் நடித்திருக்கிறார். ஊரைச் சமாதானமாக வைக்க அவர் கண்டுபிடித்த வழி, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு மனைவி. அதனால் பக்கத்துக்கு ஒரு மகன்: ரத்னம், மதி. ஊருக்கு ஒரு கழிப்பறை கட்டினால்கூட அது யாருக்கு என்று அடிதடி ஆகிற ஊர். அடுத்த தலைவர் யார் என்று வரும்போது மகன்கள் இரண்டு பேரும் எதிரெதிராக நிற்கிறார்கள். ஜெயிக்கிறவருக்கு ஊருக்கு வரப்போகும் திட்டத்தில் பெரிய கமிஷன் காத்திருக்கிறது.

இந்த ஊரில் ஒரு மரத்தடியில் இருக்கிறான் ஒரு முடிதிருத்தும் தொழிலாளி. கூடவே கிருதா என்று ஒரு பையன். நாயகனுக்குப் பெயர் கிடையாது. 'இளிச்சவாயன்' என்று கூப்பிடுவார்கள், கொஞ்சம் நாகரிகமானவர்கள் 'ஸ்மைல்' என்பார்கள். எல்லார் வீட்டு வேலையும் அவன் தலையில்தான் விழும். கூலி கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. முன்வாசல் அவனுக்குக் கிடையாது. சொந்தமாக ஒரு சலூன் வைக்கணும் என்பதுதான் ஆசை. சேர்த்து வைத்த காசு திருட்டுப் போகிறது. தபால் ஆபீஸில் கணக்கு தொடங்கலாம் என்று போனால், பெயர் என்ன என்று கேட்கிறார்கள், அத்தாட்சி கேட்கிறார்கள். அங்கே வேலை செய்யும் தேன்மொழி (ஷீலா ராஜ்குமார்) அவனுக்கு ஒரு பெயர் வைத்து, ஆதார், வாக்காளர் அட்டை எல்லாம் வாங்கிக் கொடுக்கிறார். அந்தப் பெயர் நெல்சன் மண்டேலா.

இதே நேரத்தில் ஊரில் இரண்டு பக்கமும் ஓட்டை எண்ணிப் பார்க்கிறார்கள். சமமாக வருகிறது. எந்தப் பக்கத்திலும் சேராத ஒரே ஒரு ஓட்டு பாக்கி. அது யாருடையது என்று சொல்லணுமா?

சிரிப்பு எங்கேயிருந்து வருது

இந்தப் படத்தைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிங்க. யோகி பாபுவை நாம் எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறோம். அவர் முடியை, உடம்பை, முகத்தை யாராவது கிண்டல் பண்ணுவார்கள், நாமும் சிரிப்போம். அவர் படத்தில் இருப்பதே அதற்காகத்தான் என்பது மாதிரி எழுதப்பட்ட வேஷங்கள் நிறைய. 'மண்டேலா' ஆரம்பிப்பதும் அதே சிரிப்பில்தான். இளிச்சவாயன் என்று கூப்பிடும்போது பழக்கதோஷத்தில் நமக்கும் வாய் கோணுகிறது. ஆனால் இந்தப் படம் அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிடுவதில்லை. ஒரு மனுஷனுக்குப் பெயரே இல்லை என்பதைத்தான் இவ்வளவு நேரம் ஜோக்காக ரசித்துக்கொண்டிருந்தோம் என்பது தபால் ஆபீஸ் காட்சியில் நமக்குப் புரிகிறது. அதற்கு முன்னாடி சிரித்த சிரிப்பைத் திரும்ப வாங்க முடியாது.

இரண்டாவது, இந்த ஊரில் சினிமா வில்லன் யாரும் கிடையாது. ரத்னமும் மதியும் மோசமானவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் பேசுவதைக் கேளுங்க. இரண்டு பேரும் செய்வது வரவு செலவுக் கணக்கு. இவனுக்கு ஒரு சட்டை, அவ்வளவு செலவு. அவன் பிரியாணி வாங்கிக் கொடுத்தால் நாம் கடை வைத்துக் கொடுக்கணும், அவ்வளவு செலவு. ஜெயித்தால் வரும் கமிஷனில் இதெல்லாம் எம்மாத்திரம். நேற்று வரைக்கும் வாசலில் நிறுத்திய ஆளை இன்றைக்கு மாப்பிள்ளை மாதிரி கவனிப்பதில் அவர்களுக்குக் கூச்சமே இல்லை. நேற்று அவன் பூஜ்யம், இன்றைக்கு ஒன்று. ஸ்விஃப்ட்டின் மளிகைக் கணக்கு இங்கே அப்படியே திரும்ப வருகிறது.

மூன்றாவதுதான் எனக்குப் ரொம்பப் பிடித்தது. படம் மண்டேலாவை நல்லவனாகக் காட்ட அவசரப்படுவதில்லை. இரண்டு பக்கமும் கொண்டுவந்து கொட்டும்போது அவன் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறான். இந்தப் பக்கம் சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்க் கை நீட்டுகிறான். விலை ஏற ஏற அவனுக்கும் அந்த விளையாட்டு பிடித்துப்போகிறது. வாழ்நாள் முழுக்க ஓசி வேலை செய்த ஒருத்தன் நாலு நாள் நன்றாகச் சாப்பிடுவதைத் தப்பு என்று யார் சொல்லமுடியும்? நாமும் அவன் பக்கம் நின்று சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக்குள்ளேயே, ஓட்டுக்குக் காசு வாங்குவது என்ற விஷயத்தை, வாங்குகிறவன் இடத்திலிருந்து பார்க்க வைத்துவிடுகிறார் இயக்குநர். 'காசு வாங்காதே' என்று புத்தி சொல்லும் நூறு விளம்பரங்கள் செய்யாத வேலை இது.

அந்தப் பெயர் சும்மா வைத்ததில்லை

நெல்சன் மண்டேலா என்ற பெயரைக் கேட்டதும் தியேட்டரில் ஓடியிருந்தால் கைதட்டல் வந்திருக்கும். ஆனால் அதில் வேறு ஒரு பொருத்தம் இருக்கிறது. நிஜ மண்டேலா 27 வருஷம் சிறையில் இருந்தார், விடுதலையானது 1990இல். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டுப் போட்டது 1994 ஏப்ரல் 27 அன்று, டர்பனுக்குப் பக்கத்தில் இனண்டாவில் உள்ள ஓலாங்கே பள்ளியில். அப்போது அவருக்கு வயது 75. உலகமே அறிந்த ஒரு தலைவருக்கு, கிழவனான பிறகுதான் சொந்த நாட்டில் முதல் ஓட்டு. படத்தில் பெயரே இல்லாத ஒருத்தனுக்கு அந்தப் பெயரும் முதல் ஓட்டும் சேர்ந்தே வருகின்றன.

வரிசையைப் பாருங்க. முதலில் காசு திருடு போகணும், அப்புறம் தபால் கணக்கு, அதற்கு ஒரு பெயர், பெயருக்கு அட்டை, அட்டையால் ஓட்டு, ஓட்டால் மரியாதை. மரியாதை கடைசியில்தான் வருகிறது, அதுவும் தேர்தல் தேதி வரைக்கும்தான் செல்லுபடி. இந்த வரிசையைத்தான் படத்தின் இருட்டு என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் நையாண்டி.

நம்ம பக்கத்துக் கணக்கு

இனி ஏன் இது எங்க ஊர்க்காரனுக்குக் கூடுதலாக உறைக்கும் என்று சொல்றேன்.

முதலில் சோளிங்கர். 2017 செப்டம்பரில் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்களே, அதில் சோளிங்கர் உறுப்பினரும் ஒருவர். அதன்பிறகு 2019 ஏப்ரல் 18 அன்றுதான் இடைத்தேர்தல். ஒன்றரை வருஷத்துக்கு மேல் தொகுதிக்கு எம்.எல்.ஏ. இல்லை. அதே நாளில் நாடாளுமன்றத் தேர்தலும் நடந்தது. சோளிங்கர் அரக்கோணம் தொகுதியில் வருவதால் நாங்கள் இரண்டு ஓட்டுப் போட்டோம். பக்கத்தில் வேலூர் தொகுதியில்? அங்கே தேர்தலே இல்லை. 11 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் பிடிபட்டதால், இரண்டு நாள் முன்னாடி, ஏப்ரல் 16 அன்று, தேர்தலை ரத்து செய்துவிட்டார்கள். 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர் என்று சட்டமன்றத் தொகுதிகளில் பணத்துக்காகத் தேர்தலை நிறுத்தியது உண்டு. ஒரு மக்களவைத் தொகுதிக்கே இப்படி ஆனது நாட்டிலேயே அதுதான் முதல்முறை.

இதில் ஒரு வேடிக்கை. காட்பாடி அரக்கோணம் தொகுதியில் சேரும், வேலூர் நகரம் வேலூர் தொகுதியில். நடுவில் பாலாறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் விரலில் மை, அந்தப் பக்கம் வெறும் விரல். வேலூரில் ஆகஸ்ட் 5ஆம் தேதிதான் தேர்தல் நடந்தது. 8,141 ஓட்டு வித்தியாசத்தில் முடிவானது. மடோன் அஸ்வின் இதையெல்லாம் படத்தில் வைத்திருந்தால் மிகைப்படுத்துறார் என்று சொல்லியிருப்போம்.

இரண்டாவது, ஊராட்சி. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கணும். அதனால்தான் சூரங்குடியில் கட்சிக் கொடி பெரிதாகத் தெரியாமல் தெருவும் சொந்தமும் மட்டும் தெரிகின்றன. 2011இல் தேர்வானவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன்பிறகு தனி அலுவலர்கள்தான் நிர்வாகம். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தபோதும், மாவட்டப் பிரிப்பு காரணமாக வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உட்பட 9 மாவட்டங்கள் விட்டுப்போயின. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் ஓட்டுப் போட்டார்கள். அதாவது, அந்த ஏப்ரலில் 'மண்டேலா'வை டிவியில் பார்த்த எங்கள் கிராமத்துக்காரர்கள் ஊராட்சித் தலைவருக்கு ஓட்டுப் போட்டு ஒன்பதரை வருஷம் ஆகியிருந்தது. தலைவரே இல்லாமல் நாலரை வருஷத்தை ஓட்டியவர்கள், தலைவர் பதவிக்காக வெட்டிக்கொள்ளும் ஊரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஏலமும் படத்தில் மட்டும் நடப்பதில்லை. 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலின்போது தலைவர் பதவியை ஊர் கூடி ஏலம் விட்ட செய்திகள் பத்திரிகைகளில் வந்தன. இதைவிடக் கறுப்பான பக்கமும் உண்டு. மதுரை பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, 1996 முதல் 2006 வரை அங்கே ஒரு தலைவரை ஒழுங்காக உட்கார விடவில்லை. ஒரு ஓட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பது, அந்த ஓட்டால் யார் நாற்காலியில் உட்காரப்போகிறார் என்பதைப் பொறுத்தும் மாறும்.

ஒரு ஓட்டு, நிஜமாகவே

சமமாக வந்து ஒரே ஓட்டில் நிற்பது கதைக்காகச் செய்தது என்று தோன்றலாம். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது 269க்கு 270 என்று ஒரே ஒரு ஓட்டில். 2004இல் கர்நாடகத்தில் சந்தேமரஹள்ளி தொகுதியில் 40,752க்கு 40,751. தோற்ற வேட்பாளரின் டிரைவருக்கே அன்று ஓட்டுப் போட நேரம் கிடைக்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் 62,216க்கு 62,215. தோற்றவர் முதலமைச்சர் பதவிக்கே பேசப்பட்ட சி.பி. ஜோஷி. சரிசமமாக வந்துவிட்டால் சட்டப்படி சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். ஜனநாயகத்தின் கடைசிப் படி குலுக்கல் சீட்டு என்பதும் ஒரு டார்க் காமெடிதான்.

ஆனால் இந்தப் படத்தில் நம்ப முடியாத விஷயம் சமமாக வந்தது இல்லை. எண்ணுவதற்கு முன்னாடியே ஊருக்கு எண்ணிக்கை தெரிந்திருக்கிறது என்பதுதான். ஓட்டு ரகசியம் ஆச்சே? சின்ன ஊரில் அது பெயருக்குத்தான் ரகசியம். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில்கூட ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை என்று படிவம் 20இல் வெளியாகிவிடும். எந்தத் தெரு எந்தச் சாவடி என்பது எல்லோருக்கும் தெரியும். மிச்சத்தை ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஓட்டுச்சீட்டு இருந்த காலத்தில் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரத்துக்கும் அப்படிப் பல சாவடிகளைச் சேர்த்துக் கூட்டும் ஒரு கருவியைத் தேர்தல் ஆணையம் முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையமும் தன் 255-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வரவில்லை. 'உங்க தெருவுல எத்தனை விழுந்துச்சுன்னு தெரியும்' என்று தேர்தலுக்கு அப்புறம் ஒருத்தர் சொல்லும்போது அது மிரட்டலா, தகவலா என்று கேட்கிறவருக்குத்தான் புரியும். சூரங்குடியில் மண்டேலாவின் உயிருக்கு ஆபத்து வருவது இதனால்தான். யாருக்குப் போட்டாலும் இன்னொருத்தருக்குத் தெரிந்துவிடும்.

கத்தியும் தோலும்

இந்தப் படத்தைத் தெலுங்கில் 2023இல் 'மார்ட்டின் லூதர் கிங்' என்று திரும்ப எடுத்தார்கள். பூஜா கொல்லூரு இயக்கம், சம்பூர்ணேஷ் பாபு நாயகன். ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் ஊரில் இரண்டையும் பார்த்தவர்கள் உண்டு. அதில் நாயகன் முடி வெட்டுபவன் இல்லை, செருப்புத் தைப்பவன். பெயர் மாறினாலும் தொழில் மாறினாலும் கதை அசையாமல் நிற்கிறது. கத்தியைத் தீட்டத் தோல் வார் வேணும், செருப்புத் தைக்கவும் தோல் வேணும். மற்றவர்கள் கழித்துப்போட்டதைத் தொட்டு வேலை செய்கிறவன், வேலை முடிந்ததும் கண்ணில் படாமல் போயிடணும் என்பது இரண்டுக்கும் பொது.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல்தான் எங்கள் பக்கத்தின் சோறு. காலையில் ஷூ கம்பெனி வேனுக்காக ரோட்டோரம் டிபன் பாக்ஸோடு நிற்கும் பெண்களைப் பார்த்தால் தெரியும். தோல் பதனிடும் இடத்தில் இறங்கி வேலை பார்ப்பவர் யார், ஷோரூமில் அதே தோலைத் தடவிப் பார்த்து வாங்குபவர் யார் என்பதற்கும் ஒரு வடக்கு தெற்கு உண்டு. பாலாற்றுத் தண்ணீர் தோல் கழிவால் கெட்டபோது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வாங்கியது. மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்கணும் என்பதை இந்தியச் சட்டத்தில் உறுதியாக்கிய தீர்ப்பு. எத்தனையோ தேர்தலில் ஓட்டுப் போட்டும் குடிதண்ணீரை வழக்குப் போட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது. தன் ஓட்டைக் காட்டி ஊருக்குத் தேவையானதைக் கேட்கலாமே என்று மண்டேலாவுக்குத் தோன்றும் இடம் படத்தில் வரும்போது எனக்கு இந்த வழக்குதான் ஞாபகம் வந்தது.

படம் வந்தபோது முடிதிருத்துவோர் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. தங்களை இழிவாகக் காட்டியிருக்கிறார்கள் என்றார்கள். அதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. எனக்கு முடி வெட்டும் அண்ணனிடம் கேட்டேன்.

"மண்டேலா பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேன் தம்பி. வூட்ல எல்லாம் குந்திகினு பாத்தோம். சிரிப்பாத்தான் இருந்துச்சு. பின்னாடி வாசல்ல வரச் சொல்ற சீன் வந்தப்ப மட்டும் எங்கப்பா எழுந்து வெளிய போய்ட்டாரு."

"கோவமா?"

"கோவம்லாம் இல்ல. அவரு அந்த மாரி வாசல்ல எல்லாம் நின்னுருக்காரு இல்ல. இப்ப நான் கடை போட்டுகினு இருக்கேன், சேர்ல குந்த வச்சி வெட்றேன். எம் பையன் அந்த சீனுக்கு நல்லா சிரிச்சான். அவனுக்கு அது இன்னான்னே தெரியல."

ஒரே வீட்டில் ஒரே காட்சிக்கு ஒருத்தர் எழுந்து போகிறார், ஒருத்தர் சும்மா இருக்கிறார், ஒருத்தன் சிரிக்கிறான். டார்க் காமெடியைப் பற்றி இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. காட்சியிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் சிரிப்பு. எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் ரொம்பப் பக்கத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

குறைகள்

குறையே இல்லாத படம் இல்லை. சாதிப் பெயர்களைச் சொல்லாமல் வடக்கு, தெற்கு என்று நிறுத்திக்கொள்வதால் படம் எல்லாருக்கும் பொதுவாகிறது, யாருக்கும் வலிக்காமலும் போகிறது. தெக்கூர்க்காரர் பார்த்தால் வடக்கூர்க்காரரைச் சொல்வதாக நினைத்துக்கொள்ளலாம். பெரிய அய்யாவின் இரண்டு மனைவிகள் ஊர்ச் சமாதானத்துக்காகக் கல்யாணம் செய்துவைக்கப்பட்டவர்கள். அவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கப் படத்துக்கு நேரமில்லை. தேன்மொழி இருப்பதால் தப்பித்தது. பிற்பாதியில் சில இடங்களில் வசனம் நம்மைப் பார்த்துப் பாடம் எடுக்க ஆரம்பிக்கிறது. முதல் பாதியில் அத்தனை விஷயத்தையும் சொல்லாமலே சொன்ன படத்துக்கு அது தேவைப்படவில்லை.

இன்னொன்று. ஓட்டு சமமாக வந்ததால்தான் மண்டேலாவுக்குப் பலம். ரத்னம் பக்கம் பத்து ஓட்டு அதிகமாக இருந்திருந்தால் அவன் மரத்தடியிலேயே இருந்திருப்பான். இதைப் படத்தின் ஓட்டை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது படம் வேண்டுமென்றே திறந்து வைத்த வாசலாகத் தெரிகிறது. ஒரு மனுஷனுக்கு மரியாதை கிடைக்க இவ்வளவு அபூர்வமான ஒரு விபத்து நடக்க வேண்டியிருக்கு என்பதுதானே கதை.

எப்படிப் பார்க்கலாம்

வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம், சங்கடமான காட்சி எதுவும் இல்லை. பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. எந்தக் காட்சியில் யார் சிரிக்கிறார்கள், யார் சிரிக்கவில்லை என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்க. நாயகனை ஒவ்வொருத்தரும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அது எந்தக் காட்சியில் மாறுகிறது என்று கவனிங்க. கழிப்பறை ஒன்று படத்தில் வருகிறது, அதன் நிலைமையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே வாங்க, ஊரின் நிலைமை தெரிந்துவிடும். கடைசிப் பத்து நிமிஷம் போனைத் தள்ளி வையுங்க.

பிடித்திருந்தால் அடுத்து அமித் மசூர்கர் இயக்கிய 'நியூட்டன்' (2017) பாருங்க. சத்தீஸ்கர் காட்டுக்குள் 76 வாக்காளர்களுக்காக ஒரு சாவடி திறக்கும் தேர்தல் அதிகாரியின் கதை. இங்கே ஊரே ஒரு ஓட்டுக்காகக் காத்திருக்கிறது, அங்கே ஒரு அதிகாரி ஓட்டுப் போட யாராவது வருவார்களா என்று காத்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்தால் சேர்த்துப் பேச நிறைய இருக்கும். நேரமில்லை, ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் 'மண்டேலா'வையே பாருங்க. அடுத்த தேர்தலுக்கு முன்னாடி பார்த்துவிட்டால் ரொம்ப நல்லது.